கடைசி ஆட்டத்தில் தூக்கிய கொடி

இப்போது நடுவர் வேலைக்கு வரும் பிள்ளைகளின் காதில் ஒரு கருவி இருக்கிறது. நடுவரும் கோட்டோரம் கொடி பிடிப்பவர்களும் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். போன மாதம் காற்பந்துச் சங்கத்து விருந்தில், புதிதாகக் கொடி பிடிக்க வந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒங்க காலத்துல மைக் கிடையாதாமே. அவ்ளோ தூரத்துல இருக்குற ரெஃப்ரிகிட்ட எப்படிக்கா பேசுவீங்க?" என்று கேட்டாள்.

"கொடிய தூக்குவேன். அவர் பாக்கலன்னா தொண்டை கிழியக் கத்துவேன்" என்றேன்.

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முறை அப்படிக் கத்தினேன். அதற்காக எங்கள் ஊர் பாயான் பாருவில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதை எழுதுங்கள் என்று அந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, பொறுமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பாயான் பாருவில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவள். தொழிற்சாலைப் பெண்கள் குழுவில் காற்பந்து விளையாடினேன், முழங்கால் கெட்டது, விளையாட முடியாதென்றால் கொடியாவது பிடிக்கலாம் என்று நடுவர் பயிற்சிக்குப் போனேன். எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு, மறுபடி எழுத்துத் தேர்வு, அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். முதல் ஆட்டத்தில் வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன், "யம்மா, வீட்டுல சோறு ஆக்கலையா?" என்று கத்தினான். "ஆக்கிட்டுத்தான் வந்தேன், ஒனக்குத்தான் இல்ல" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது.

என்னை உருவாக்கியவர் ராஜரத்தினம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வங்கியில் வேலை, மாநில லீக்கில் தலைமை நடுவர். சட்டையின் மடிப்பு கலையாமல் தொண்ணூறு நிமிடம் ஓடக்கூடிய ஒரே மனிதர். ஒரு நாளும் என்னைப் பாராட்டியதில்லை, திட்டியதும் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் இரண்டு கொடிக்காரர்களையும் எதிரே நிறுத்தி, புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்வார்: "கண்டதைச் சொல்லும். காணாததைச் சொல்லாதேயும். நினைச்சதை வீட்டுக்குக் கொண்டுபோம்."

நான் சொல்லப்போகும் பருவத்தில் லீக் கிண்ணம் கடைசி நாள்வரை இழுபறியாக இருந்தது. ஒரு பக்கம் செபராங் ஜெயா குழு, இன்னொரு பக்கம் எங்கள் பாயான் பாரு குழு. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும்தான், ஜார்ஜ் டவுன் திடலில். செபராங் ஜெயா ஒரு புள்ளி முன்னால் இருந்தது. டிரா என்றாலும் கிண்ணம் அவர்களுக்கு. பாயான் பாரு ஜெயித்தே ஆக வேண்டும். அந்தக் குழு அதுவரை லீக் கிண்ணத்தைத் தொட்டதே இல்லை.

என் வீட்டுக்காரர் செல்வம் அந்தக் குழுவின் வெறி பிடித்த ரசிகர். வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஏற்பாடு செய்வதே அவர்தான். இதை முன்கூட்டியே ராஜரத்தினம் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உம்மட அவரோ கொடி பிடிக்கப்போறார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வந்து ஓடும்" என்றார்.

பாயான் பாருவின் கேப்டன் மணியம். லாரி ஓட்டுநர், எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு புளோக் தள்ளி வீடு. நாற்பதை நெருங்கிய வயது, இரண்டு முறை இரண்டாம் இடத்தோடு திரும்பியவன். அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாகச் சொல்லியிருந்தான். காலில் காயம், அதனால் கடைசி ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எப்படியும் கடைசி நிமிடங்களில் இறக்கிவிடுவதாகப் பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல பையன், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன், என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுபவன். அவனைப் பற்றி அதுவரை எனக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஆள் மாற்றும் முறையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் அதற்கென்று நான்காவது அதிகாரி ஒருவர் இருப்பார். எங்கள் லீக்கில் அந்தச் சொகுசெல்லாம் இல்லை. பெஞ்ச் இருக்கும் பக்கத்தில் கொடி பிடிப்பவர்தான் அதையும் பார்க்க வேண்டும். உள்ளே போகிறவனின் காலணி ஆணிகளைத் தடவிப் பார்ப்பேன். நடுக்கோடு தொடங்கும் இடத்தில், கோட்டுக்கு வெளியே, என் பக்கத்தில் அவனை நிறுத்துவேன். பந்து வெளியே போனதும் கொடியின் இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்குவேன். நடுவர் தலையசைத்து, வெளியே வருபவன் முழுக்க வெளியே வந்த பிறகுதான் இவன் உள்ளே காலை வைக்கலாம். அதுவரை சட்டை, எண், காலணி எல்லாம் போட்டிருந்தாலும் அவன் ஆட்டக்காரன் இல்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாயான் பாருவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அது எனக்குத் தூரத்துக் கோடி, அந்த முனையைப் பார்ப்பது எதிர்ப்பக்கத்துக் கொடிக்காரரின் வேலை. நான் நடுக்கோட்டில் நின்றிருந்தேன், மணியம் என் தோளருகே நின்றிருந்தான். பந்து வெளியே இருந்ததால் கொடியைத் தலைக்கு மேலே தூக்கினேன். பின்னாலிருந்து பயிற்சியாளர் அலறினார். "வேணாம்க்கா! கார்னர் முடியட்டும்! இப்ப ஆள மாத்தாதீங்க!"

கார்னர் நேரத்தில் ஆளை மாற்றக்கூடாது என்பது இங்கே எல்லாக் குழுக்களும் கைக்கொள்ளும் வழக்கம். யார் எங்கே நிற்பது என்று பேசி வைத்திருப்பார்கள், புது ஆள் வந்தால் குழம்பிவிடும். ராசியில்லை என்றும் சொல்வார்கள். நான் கொடியை இறக்கினேன். மணியம் முனகினான். "என்னலா இவரு, நேரமே இல்ல…" அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "முருகா, முருகா" என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கார்னர் பந்து உயரமாக வந்தது. ஒருவன் தலையால் முட்டினான், பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோலுக்கு முன்னாலேயே விழுந்தது. கோல்காவலர் தரையில். பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர். அந்த நேரத்தில் என் கையை ஒரு தோள் உரசிக்கொண்டு போனது. திரும்பினால் மணியம் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடுகிறான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அடி! அடி!" என்று கத்திக்கொண்டு. "மணியம்! வெளிய வாடா!" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. அதற்குப் பிறகுதான் எவனோ ஒருவன் காலில் பட்டுப் பந்து வலைக்குள் போனது.

ஐயோ, அந்தச் சத்தம்! எதிர்ப்பக்கத்துக் கொடிக்காரர் நடுக்கோட்டை நோக்கி ஓடிவந்தார், கோல் செல்லும் என்பதற்கு அதுதான் அடையாளம். பெஞ்ச் முழுக்கத் திடலுக்குள் பாய்ந்தது. பயிற்சியாளர், மருத்துவர், தண்ணீர்க்காரர், வேலியைத் தாண்டி ரசிகர்கள். செபராங் ஜெயா பையன்கள் புல்லில் குப்புறக் கிடந்து அழுதார்கள். மணியம் அந்தக் கும்பலில் எங்கேயோ இருந்தான். இப்போது உள்ளே நிற்கும் அத்தனை பேரும் கோலுக்குப் பிறகு வந்தவர்கள். முன்னாலேயே வந்தவன் ஒருவன்தான், அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அன்றைய சட்டம் தெளிவாக இருந்தது. கோல் அடித்த குழுவின் அதிகப்படியான ஆள் ஒருவன் கோல் விழும்போது திடலுக்குள் இருந்தால் அந்தக் கோல் செல்லாது. அவன் எங்கே நின்றான், என்ன செய்தான் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் நடுவருக்கு அது ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன் தெரிய வேண்டும். நடுவில் பந்தை வைத்து ஒருவன் உதைத்துவிட்டால் கதை முடிந்தது, பிறகு கடவுளே வந்து சொன்னாலும் கோல் கோல்தான்.

கொடியைத் தூக்கினேன். ராஜரத்தினம் சார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கும்பலைக் கலைத்துக்கொண்டிருந்தார். மேலே பார்வையாளர் படிகளில் ரசிகர்கள் நடுவே செல்வம் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தேன். கையை இறக்கிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம், மனசாட்சியைத் தவிர ஒருவரும் கேட்கப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். நினைப்பு வந்ததே தவிர, கை இறங்கவில்லை.

செபராங் ஜெயாக்காரன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை நடுவட்டத்தில் வைத்தான். சார் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான் நான் கத்தினேன். "சார்! சார்! ஊதாதீங்க சார்!" என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவர் திரும்பினார். கொடியைப் பார்த்தார். ஓடாமல், மெதுவாக நடந்து வந்தார். ஆட்டக்காரர்கள் சுற்றி வந்ததும் கையை நீட்டித் தூரத்தில் நிறுத்திவிட்டு, என் முகத்துக்கு மிக அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னத்தைக் கண்டனீர்?"

"மணியம் உள்ள வந்துட்டான் சார். மாத்தாமலே."

"முதல் எது? அவன் உள்ளுக்கு வந்ததோ, பந்து உள்ளுக்குப் போனதோ?"

"அவன்தான் சார் முதல்ல. என்னை உரசிக்கிட்டுத்தான் போனான். கத்திக் கூப்பிட்டேன்."

"கண்டதோ, நினைச்சதோ?"

"கண்டது சார்."

அவர் மணியத்தைக் கூப்பிட்டார். கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஆனாலும் கேட்டார். "தம்பி, கோல் விழ முதல் நீர் உள்ளுக்கு வந்தனீரோ?"

மணியம் சாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கண் சிமிட்டாமல் சொன்னான். "இல்ல சார். கோல் விழுந்த பிறகுதான் வந்தேன். எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன். அக்கா தப்பா பாத்துட்டாங்க சார்."

எனக்குத் தலையில் யாரோ ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. கோபம்கூட வரவில்லை. நான் வயதில் மூத்தவள், அக்கம்பக்கத்துக்காரி, என் கையில் அவன் வியர்வை இன்னும் காயவில்லை. இவ்வளவு சாதாரணமாகப் பொய் சொல்ல முடியுமா?

ராஜரத்தினம் சார் கோல் இல்லை என்று கையைக் காட்டினார். மணியத்துக்கு மஞ்சள் அட்டை. அவன் நின்ற இடத்தில் பந்தை வைத்து செபராங் ஜெயாவுக்கு ஃப்ரீ கிக். அவர்கள் உதைத்தார்கள், சார் விசிலை ஊதினார், ஆட்டம் முடிந்தது. புல்லில் அழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து குதித்தார்கள், குதித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். தண்ணீர் போத்தல்கள் என்னை நோக்கிப் பறந்து வந்தன. போலீஸ்காரர்கள் என்னை நடுவில் வைத்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

உடை மாற்றும் அறையில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். சார் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "உமக்குச் சந்தேகம் இருந்தா இப்ப சொல்லும், நான் அறிக்கையில எழுதிக் குடுக்கிறன். இல்லையெண்டா இனி ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லாதேயும். சொல்லச் சொல்லத்தான் பொய் மாதிரி இருக்கும்." சந்தேகம் இல்லை என்றேன். "ஓம், நல்லது" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததில் பாராட்டுக்குப் பக்கத்தில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பாயான் பாரு குழு சங்கத்தில் முறையிட்டது. கைத்தொலைபேசிகளில் எடுத்த படங்களையெல்லாம் கொண்டுவந்தார்கள். எல்லாப் படத்திலும் கோல்தான் இருந்தது. நடுக்கோட்டை யார் படம் எடுப்பார்கள்? என் வார்த்தைக்கு எதிராக மணியத்தின் வார்த்தை. முடிவு மாறவில்லை. ஆனால் ஊர் தன் முடிவை எடுத்துவிட்டது. செபராங் ஜெயாக்காரர்கள் எனக்குக் காசு கொடுத்ததாகக்கூடச் சொன்னார்கள், நாசமாய்ப் போக.

அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பந்தலில் மோர் வாங்கப் போனேன். பாயான் பாருக்காரர்கள் போட்ட பந்தல் என்று கவனிக்கவில்லை. அங்கே ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, "கோடு கிழிச்சு வெச்சிருக்கோம் அக்கா, தாண்டாம நிக்கிறோமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். வரிசையே சிரித்தது. வெறுந்தொண்டையோடு மலை ஏறினேன்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். வீட்டில் நடந்ததுதான் தாங்கவில்லை. அன்று திடலிலிருந்து திரும்பும்போது செல்வம் காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தெளிவாத்தான் பாத்தியா?" ஆமாம் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். சாப்பிடும்போது கேட்பார், தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது கேட்பார். "கூட்டம், சத்தம்… மனுஷக் கண்ணுதானே. ஒருவேளை ஒரு செகண்ட் முன்ன பின்ன…" நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவேன். சார் சொன்ன சொல்லுக்காகச் செல்வத்துக்கும் விளக்கம் சொல்லவில்லை. அவருக்கு என்னை நம்ப விருப்பம், ஆனால் சின்னச் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகும் பல வருடம் கொடி பிடித்தேன். வயது வந்தது, ஓய்வு பெற்றேன். ராஜரத்தினம் சாரும் காலமாகிவிட்டார்.

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை செல்வமும் நானும் பாயான் பாரு பசாருக்குப் போனோம். மீன் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து, "அக்கா! அக்கா! நில்லுங்கக்கா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் மணியம். முடி கொட்டி, வயிறு தள்ளி, முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஆட்டத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன்.

"அக்கா, தெரியுமா? சட்டத்த மாத்திட்டாங்களாம்லா! ஆள் உள்ள வந்திருந்தாலும் ஆட்டத்துக்கு இடைஞ்சல் பண்ணலன்னா கோல் செல்லுமாம். நேத்துதான் ஒரு பையன் சொன்னான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்வம், "அதுக்கு என்னப்பா?" என்றார்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? நம்ம கோல்! பந்து அந்தக் கோடியில கெடக்கு, நான் இங்க சென்டர்ல கொஞ்ச தூரம்தான் உள்ள ஓடுனேன். யாருக்கு இடைஞ்சல்? ஒருத்தனுக்கும் இல்ல. அப்ப அது கோல்தானே? நம்மதான் சாம்பியன்! சங்கத்துல போயிப் பேசப்போறோம். அக்கா வந்து சொன்னா முடிஞ்சிருச்சு. நான் உள்ள வந்தத அக்கா ஒருத்தங்கதானே பாத்தாங்க."

கையிலிருந்த பை தானாகக் கீழே நழுவியது. இத்தனை வருடம் இவனைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் எவ்வளவு வசனம் வைத்திருந்தேன்! அத்தனையும் வீண். தன் பொய்யைத் தானே உடைக்கிறோம் என்று தெரியாமலே இவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை, கிண்ணம் மட்டும்தான் இருந்தது.

பழைய ஆட்டத்துக்குப் புதுச் சட்டம் செல்லாது என்று மெதுவாகச் சொன்னேன். வர மாட்டேன் என்றும் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னக்கா நீங்க? உள்ளதைச் சொல்றதுக்கு என்னக்கா கஷ்டம் ஒங்களுக்கு?"

செல்வம்தான் வாயைத் திறந்தார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"டேய் மணியம்… நான் ஒன்னைத்தானேடா நம்புனேன்."

மணியம் முழித்தான். செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. சந்தேகம் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. என்னோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, நான் பொய் சொன்னவள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்றைக்காவது ஒத்துக்கொள்வேன் என்று காத்திருந்திருக்கிறார்.

கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏறு தேவி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார். மீன் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன்.